சினிமாவில் நிஜம்: வடசென்னையிலிருந்து சில கேள்விகள்

ராயபுரத்தில் வளர்ந்தவன் நான். ஒளிப்பதிவு உதவியாளராக வேலை பார்க்கிறேன். குறும்படம் எடுக்க நினைக்கும் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, நம்ம ஏரியா என்றாலே படத்தில் ஏன் எல்லாம் மஞ்சளும் பழுப்புமாக இருக்கிறது? (கொருக்குப்பேட்டை)

அது கேமரா பார்த்த நிறம் இல்லை தம்பி. எடிட்டிங் முடிந்தபின் டிஐ-யில், அதாவது கம்ப்யூட்டரில் நிறம் திருத்தும் வேலையில், ஏற்றும் நிறம். காசிமேட்டில் விடியும் முன் பார்த்தால் கடலும் படகும் நீலச் சாம்பலாக இருக்கும். சந்துக்குள் வந்தால் பச்சைச் சுவர், ரோஸ் சுவர். அத்தனையையும் அழித்துப் பழுப்பாக்கினால், இங்கே வாழ்கிறவன் பார்க்கும் ஊர் போய், வெளியிலிருந்து பயந்து பார்ப்பவனின் ஊர் வந்துவிடுகிறது. இதில் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு.

கேமராவைக் கையில் பிடித்து எடுத்தால்தான் ரியலாக இருக்குமா? (வியாசர்பாடி)

இல்லை. ஆட்டம் பதற்றத்தைச் சொல்லும். துரத்தல் காட்சிக்குச் சரி; ஆயா வாசலில் உட்கார்ந்திருக்கும்போது கேமரா ஏன் ஆட வேண்டும்?

அண்ணா, எங்க அம்மா மீன் விக்கிறாங்க. அவங்களோட ஒரு நாளை போனில் படமாக்கணும். வீடு ஹவுசிங் போர்டில் ஒரே ரூம், இருட்டு. எப்படி ஆரம்பிக்க? (தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவி)

முதலில் போனை எந்த உயரத்தில் வைப்பது என்று முடிவு செய்யும்மா. நின்றுகொண்டு எடுத்தால் அது மீன் வாங்க வந்தவர் பார்வை. தரையில் உட்கார்ந்து அம்மாவின் கண் மட்டத்தில் வைத்துப் பார். வாங்குபவர்களின் பையும் கையும்தான் தெரியும். விலையைக் குறைக்கச் சொல்லும் குரல் மேலிருந்து விழும். அம்மா தினமும் பார்ப்பதும் கேட்பதும் அதுதான்.

அப்புறம், அருவாமனையில் செதில் எடுத்துத் துண்டு போடுவதை ஒரே ஷாட்டாக முழுசாக ஓடவிடு. இத்தனை வருஷ வேலை அந்தக் கையில் தெரியும். சின்னச் சின்ன ஷாட்டாக நறுக்கினால் வேகம்தான் மிஞ்சும்.

வீட்டு வெளிச்சத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். 1956-இல் வந்த சத்யஜித் ராயின் வங்காளப் படம் 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவில் செட் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பவிட்டார். நிஜ முற்றத்தில் இறங்கும் நிழலற்ற வெளிச்சம் கிடைத்தது. உனக்கு ஒரு வெள்ளை வேட்டி போதும். ஜன்னல் வெயில் அதில் பட்டு அம்மா முகத்துக்கு வரட்டும்.

போனில் எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, தானாக மாறாதபடி லாக் செய்துவிடு. நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி வை. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை ஓடாது. எடுத்ததை அம்மாவிடம் காட்டு. அவங்க வேண்டாம் என்பதை நீக்கிவிடு.

டப்பிங் செய்தால் நிஜம் போய்விடுமா? (திருவொற்றியூர்)

போகாது. 1948-இல் இத்தாலிய இயக்குநர் டி சிகா எடுத்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' ரோம் தெருக்களில், ஒரு நிஜத் தொழிற்சாலைத் தொழிலாளியை நாயகனாக வைத்து எடுத்த படம். அதிலும் குரல்களைப் பிறகுதான் சேர்த்தார்கள். ஆனால் படம் எடுத்த இடத்தின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். கண்டெய்னர் லாரியும் பக்கத்து வீட்டு டிவியும் இல்லாத திருவொற்றியூர் வீடு எது?

எல்லாரும் 'இன்னாபா' என்றே பேச வேண்டுமா? (புளியந்தோப்பு)

வேண்டாம். இங்கே ஒரே ஆள் கூட்டாளியிடம் ஒரு மாதிரியும், பிள்ளையின் டீச்சரிடம் வேறு மாதிரியும் பேசுவார். நடிக்க வருபவரிடம் வசனத்தாளைக் கொடுக்காதீர்கள். காட்சியில் என்ன நடக்கிறது, எதிரில் யார் இருக்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் வாயில் வருவதை எடுங்கள்.