கென்யாவில் பல இனங்கள் இருப்பதற்கும் முறைசாரா வேலைக்கும் என்ன தொடர்பு?

முறைசாரா வேலை என்றால் ஒப்பந்தக் கடிதம், ஓய்வூதியம் எதுவும் இல்லாத வேலை. கென்யாவில் அதற்கு 'ஜுவா காலி' என்று பெயர். சுவாஹிலியில் 'சுட்டெரிக்கும் வெயில்'. வெட்டவெளியில் தகரம் தட்டிப் பெட்டி செய்கிறவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான். உழைப்பவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்த வகை.

சரி, இதில் இனம் எங்கே வருகிறது? கிக்குயு, லுவோ, கம்பா என்று 40-க்கும் மேற்பட்ட இனங்கள் அங்கே. எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில், ஆள் ஓடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? அதனால் தன் மொழி பேசும், வீடு தெரிந்த பையனைப் பட்டறையில் சேர்ப்பது வழக்கம். மளிகைக் கடையில் தெரிந்த முகத்துக்குத்தான் கடன் நோட்டில் பக்கம் ஒதுக்குவார்கள் இல்லையா, அதுபோல.

பல இனங்கள் இருப்பதால்தான் இந்த வேலைகள் பெருகின என்பது தவறு. ஆலை, அலுவலக வேலைகள் போதாததுதான் முதல் காரணம்.