மாணவிகளின் சராசரி குறைந்தால் அந்தத் தேர்வு பாரபட்சமானதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. கற்பித்தலிலேயே இருந்த இடைவெளியைத் தேர்வு சரியாகக் காட்டியிருக்கலாம். சராசரியை விட்டுவிட்டு வினா வினாவாகப் பார்க்க வேண்டும்.

மொத்த மதிப்பெண் சமமாக உள்ள மாணவ, மாணவியரை ஒப்பிட்டு, குறிப்பிட்ட வினாவில் ஒரு தரப்பு மட்டும் பின்தங்குகிறதா என்று பார்ப்பார்கள். இதற்குப் பரவலாகப் பயன்படுவது மேன்டல்-ஹேன்செல் முறை. தேர்வுகளை உருவாக்கி நடத்தும் அமெரிக்காவின் இ.டி.எஸ். நிறுவனம், வேறுபாடு மிகக் குறைவான வினாக்களை ஏ, நடுத்தரமானவற்றை பி, பெரியவற்றை சி என்று பிரிக்கிறது. வினாவின் கடினத்தைக் குறிக்கும் டெல்டா அளவில் இரு தரப்புக்கும் இடையிலான வேறுபாடு 1.5-ஐ எட்டி, புள்ளியியல்படியும் உறுதியானால் அது சி. ஒரு விளையாட்டின் விதி தெரிந்தால்தான் புரியும் கணக்கு இப்படிச் சிக்கும். ஒவ்வொரு தரப்பிலும் சில நூறு பேராவது இல்லாவிட்டால் முடிவை நம்பாதீர்கள்.

இம்முறையின் பெரிய ஓட்டை வேறு. பெரும்பாலான வினாக்கள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், ஒப்பீட்டுக்கு எடுத்த மொத்த மதிப்பெண்ணே கோணலாகிவிடும்; எந்த வினாவும் தனியாகப் பிடிபடாது. அளவுகோலே வளைந்திருந்தால் கோட்டின் வளைவு எப்படித் தெரியும்?

வினா வடிவத்தையும் கவனியுங்கள். எழுதி விடையளிக்கும் பகுதியில் மாணவிகள் ஒப்பீட்டளவில் மேலாகவும், பலவுள் தெரிவில் மாணவர்கள் மேலாகவும் வருவது பல ஆய்வுகளில் தெரிந்தது. தவறான விடைக்கு மதிப்பெண் கழித்தால் மாணவிகள் அதிகம் விட்டுவிடும் போக்கும் உண்டு. அறிவு சமமாக இருந்தும் மதிப்பெண் குறையும். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு அந்தக் கழிவை 2016-இல் கைவிட்டது. உங்கள் தேர்வில் கழிவு இருந்தால், விடப்பட்ட வினாக்களைப் பாலினவாரியாக எண்ணுவதிலிருந்து தொடங்குங்கள்.