மாறும் சேனலுக்கு ஏற்ற கோடிங்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோட் ரேட்டை (அனுப்பும் பிட்களில் உண்மையான தகவலின் பங்கு) நிரந்தரமாக 1/2 என்று வைத்துவிட்டால் போதாதா? எதற்கு இந்த அடாப்டிவ் சமாச்சாரம்?

சேனல், அதாவது சிக்னல் போகும் பாதை, நன்றாக இருக்கும்போது பாதி பிட்கள் வீண். மோசமாகும்போது அந்த 1/2-உம் போதாது.

எல்.டி.இ.யில் (4ஜி) முதல் முறை அனுப்பும் பிளாக்குகளில் 10 சதவீதம் பழுதாகும் என்று வைத்துத்தான் மாடுலேஷனையும் (பிட்களை அலையில் ஏற்றும் முறை) கோட் ரேட்டையும் தேர்ந்தெடுக்கிறார்களாம். இது அலட்சியம் இல்லையா?

இல்லை, கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. பழுதை 1 சதவீதத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் எல்லா பிளாக்கும் கூடுதல் பாரிட்டியை, அதாவது பிழை திருத்தும் உபரி பிட்களைச் சுமக்க வேண்டும். பத்தில் ஒன்றை மட்டும் மறுபடி அனுப்புவது அதைவிட மலிவு. பழுதான பிளாக்கை ரிசீவர் தூக்கிப் போடுவதும் இல்லை. பஃபரில் வைத்திருந்து, அடுத்து வரும் புதிய பாரிட்டி பிட்களோடு சேர்த்து டீகோட் செய்கிறது. 3/4 ரேட்டில் போன பிளாக்குக்கு அதே அளவு புதிய பாரிட்டி வந்து சேர்ந்தால் மொத்த ரேட் 3/8 ஆகிவிடும். இதற்கு ஆகும் செலவு, சுமார் 8 மில்லிசெகண்ட் தாமதம். அதைப் பொறுக்க முடியாத வேலைகளுக்காக 5ஜி-யில் லட்சத்தில் ஒன்று என்ற இலக்கோடு தனி அட்டவணையே இருக்கிறது.

என் லிங்க் அடிக்கடி விட்டுப்போகிறது. எந்த கோட் போடலாம்?

எந்த அலைவரிசை? எஸ்.என்.ஆர். (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) எவ்வளவு? பிழைகள் சிதறி வருகின்றனவா, கொத்தாக வருகின்றனவா? எவ்வளவு தாமதம் தாங்கும்? ஒன்றைக்கூட எழுதாமல் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அளந்து எழுதுங்கள். அதிலும் வெறும் சராசரியை அனுப்பாதீர்கள், சராசரியில் ஃபேடிங் (சிக்னல் பலம் ஏறி இறங்குவது) தெரியாது.

2 ஜிகாஹெர்ட்ஸ், வாகன வேகம் மணிக்கு 100 கி.மீ. சேனல் ரிப்போர்ட் 10 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை வருகிறது. பழுது இலக்கைத் தாண்டியே நிற்கிறது. ரிப்போர்ட்டை அடிக்கடி வரவழைக்கலாமா?

அளவுகளோடு எழுதியதற்கு நன்றி. டாப்ளர் (வேகத்தால் வரும் அலைவரிசை விலகல்) சுமார் 185 ஹெர்ட்ஸ். அதாவது 2 மில்லிசெகண்டு சொச்சத்தில் சேனல் வேறாகிவிடும். ரிப்போர்ட் வந்து சேர்வதற்குள் அது சொன்ன சேனல் போயே போய்விட்டது. எத்தனை அடிக்கடி வந்தாலும் பழசுதான். (நடந்து போகிறவருக்கு இதே 10 மில்லிசெகண்ட் தாராளம்.)

இந்த வேகத்தில் கணத்துக்குக் கணம் துரத்துவதை விட்டுவிடுங்கள். சராசரி எஸ்.என்.ஆரைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு திருத்தம் வையுங்கள். பழுது என்று பதில் வந்தால் மதிப்பீட்டை 0.9 டெசிபல் இறக்குங்கள், சரி என்று வந்தால் 0.1 டெசிபல் ஏற்றுங்கள். ஒன்பதுக்கு ஒன்று என்ற இந்த விகிதம் தானாகவே 10 சதவீதப் பழுதில் போய் நிற்கும். ஃபேடிங் பள்ளங்களை இன்டர்லீவிங்கும் (பிட்களைக் கலைத்து அனுப்புவது) அலைவரிசைப் பரவலும் (பல அலைவரிசைகளில் பிரித்து அனுப்புவது) பார்த்துக்கொள்ளட்டும்.

கூட்டமான அரங்கில் வைஃபை பாக்கெட்கள் தொலைகின்றன. சிக்னல் பலமாகத்தான் காட்டுகிறது. ரேட்டை 54-லிருந்து 6 மெகாபிட்டுக்கு இறக்கினேன், இன்னும் மோசமாகிவிட்டது.

ஆகத்தான் செய்யும். பாக்கெட் தொலைந்தாலே சேனல் பலவீனம் என்று முடிவு கட்டுவதை எத்தனை தடவை எழுதினாலும் நிறுத்த மாட்டேன் என்கிறார்கள். பாக்கெட் இரண்டு காரணங்களால் தொலையும். ஒன்று, எஸ்.என்.ஆர். போதாமை. அதற்கு மாற்று, உறுதியான கோட். இன்னொன்று, இருவர் ஒரே நேரத்தில் பேசியதால் வரும் மோதல். அதற்கு கோட் மருந்தே இல்லை.

உங்கள் கணக்கையே பாருங்கள். 1500 பைட் பாக்கெட் 54 மெகாபிட்டில் சுமார் 0.2 மில்லிசெகண்ட் காற்றில் இருக்கும். 6-இல் 2 மில்லிசெகண்ட். ஒன்பது மடங்கு நேரம் காற்றை அடைத்துக்கொள்கிறீர்கள். மற்றவர்கள் காத்துக் கிடக்கிறார்கள். சானல் ஓய்ந்ததும் எல்லோரும் ஒன்றாகப் பாய்கிறார்கள், மோதுகிறார்கள், அவர்களும் ரேட்டை இறக்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அரங்கம் முழுக்க ஊர்கிறது.

ரேட்டைத் தானாக மாற்றும் பழைய ஏ.ஆர்.எஃப். முறையின் கோளாறும் இதுதான். அடுத்தடுத்து இரண்டு பாக்கெட் தொலைந்தால் ஒரு படி இறங்கும், பத்து போய்ச் சேர்ந்தால் ஒரு படி ஏறும். ஏன் தொலைந்தது என்று கேட்காது. லினக்ஸில் உள்ள மின்ஸ்ட்ரெல் என்ற ரேட் தேர்வு முறை ஒவ்வொரு ரேட்டிலும் எவ்வளவு தேறுகிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று இரண்டையும் சேர்த்தே பார்க்கும். சுமார் பத்தில் ஒரு பாக்கெட்டை வேறு ரேட்களில் அனுப்பிச் சோதிக்கும். இது எவ்வளவோ மேல்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ரேட்டை இறக்கியதும் இழப்பு குறைந்தால் எஸ்.என்.ஆர். பிரச்சினை. அப்படியே இருந்தாலோ கூடினாலோ மோதல்தான். ரேட்டை மறுபடி ஏற்றுங்கள், வைஃபை சானலை மாற்றுங்கள், ஒளிந்திருக்கும் (ஒன்றையொன்று கேட்க முடியாத) நிலையங்கள் இருந்தால் ஆர்.டி.எஸ்.-சி.டி.எஸ். (அனுப்புமுன் அனுமதி கேட்கும் முறை) போடுங்கள். இன்னொன்று: திரையில் தெரியும் சிக்னல் பலம் எஸ்.என்.ஆர். ஆகாது. அளந்து எழுதுங்கள்.

டர்போ, எல்.டி.பி.சி., போலார் என்ற பிழை திருத்தும் கோட்களில் எது சிறந்தது?

எதற்கு என்பதைப் பொறுத்தது. 5ஜி-யில் டேட்டாவுக்கு எல்.டி.பி.சி., குட்டியான கன்ட்ரோல் செய்திகளுக்கு போலார்.

ஆயிரம் ரிசீவர்களுக்கு ஒரே ஃபைலை அனுப்ப வேண்டும். ஒவ்வொருவரும் தொலைத்தது வேறு வேறு. எப்படி மறுபடி அனுப்புவது?

அனுப்பவே வேண்டாம். ராப்டர்-க்யூ போன்ற ஃபவுண்டன் கோட் (ஃபைலின் துண்டுகளைக் கலந்து புதுத் துண்டுகளை உண்டாக்கிக்கொண்டே இருப்பது) போடுங்கள். எந்தத் துண்டுகள் கிடைத்தன என்பது முக்கியமில்லை, மூலத்தில் இருந்த எண்ணிக்கையைவிட இரண்டு கூடக் கிடைத்தால் அநேகமாக நிச்சயம் மீண்டுவிடும். ஆனால் இது முழுதாகத் தொலைந்த பாக்கெட்டை மீட்கத்தான். பழுதான பாக்கெட்டைக் கீழடுக்கே சி.ஆர்.சி. (பிழையைக் கண்டுபிடிக்கும் சோதனை எண்) பார்த்துத் தள்ளிவிட வேண்டும்.

லோரா (குறைந்த மின்சக்தியில் நெடுந்தூரம் அனுப்பும் ரேடியோ) சென்சாரில் கோட் ரேட்டை 4/5-லிருந்து 4/8 ஆக்கினால் தூரம் இரட்டிப்பாகுமா?

ஆகாது. டேட்டா பகுதி 60 சதவீதம் நீளும், சின்னச் சின்னக் குறுக்கீடுகளுக்கு ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். தூரம் வேண்டுமானால் ஸ்ப்ரெடிங் ஃபாக்டரை (ஒரு குறியை எவ்வளவு நேரம் பரப்பி அனுப்புவது என்ற அளவு) ஏற்றுங்கள். ஒரு படிக்குச் சுமார் 2.5 டெசிபல் கிடைக்கும், காற்றில் இருக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சென்சார் நகரக்கூடியது என்றால் ஏ.டி.ஆரை (ரேட்டைத் தானாக மாற்றும் வசதி) அணைத்து வையுங்கள். அது ஒரே இடத்தில் இருக்கும் கருவிகளுக்கானது.