விரிசல் விட்ட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு: மறுபடி வெல்டிங் செய்யலாமா?

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பு உரிமையாளர் ஒருவரின் கேள்வி: “எங்களிடம் இருபத்தைந்து ஆண்டுப் பழைய நான்கு சிலிண்டர் டீசல் ஜீப் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் பக்கமாக ‘டப் டப்’ என்று சத்தம் வருகிறது. பத்து நிமிடம் ஓடினால் அடங்கிவிடுகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகையைத் திரட்டி வெளியே அனுப்பும் குழாய்த் தொகுப்பு) இரண்டாவது, மூன்றாவது குழாய்களுக்கு நடுவே நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு விரிசல் இருக்கிறது. சாதாரண வெல்டிங் ராடு வைத்து வெல்டிங் செய்தோம். இரண்டே வாரத்தில் அந்த வெல்டிங் தையலை ஒட்டியே மறுபடி விட்டுவிட்டது. பித்தளை வைத்து ஒட்டலாம் என்கிறார் ஒருவர். புதிய உதிரிபாகம் கிடைக்கவில்லை. என்ன செய்வது?”

சூடேறியதும் சத்தம் அடங்குவதற்குக் காரணம், இரும்பு விரிந்து விரிசலின் வாயை மூடிக்கொள்வதுதான். பழுது தானாகச் சரியாகிவிட்டதாக நினைத்து வண்டியைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது. கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதற்கு மணமும் கிடையாது. மேனிஃபோல்டுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போனாலும் இதே சத்தம்தான் வரும் என்பதால், கரி படிந்திருக்கும் இடம் விரிசலா, சிலிண்டர் ஹெட்டோடு சேரும் முகமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வெல்டிங் நிற்காமல் போனதற்கு வெல்டரின் கையைக் குறை சொல்ல முடியாது. அவர் எடுத்த ராடுதான் தவறு. சாதாரண மெல்லெஃகில் கார்பன் கால் சதவீதத்தைத் தாண்டாது. உங்கள் மேனிஃபோல்டு செய்யப்பட்ட வார்ப்பிரும்பிலோ இரண்டரை முதல் நான்கு சதவீதம் வரை இருக்கும், அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உலோகத்துக்குள் பரவிக் கிடக்கும். ஆர்க் வெல்டிங்கில் அந்த இடம் உருகி, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும்போது, கார்பன் கிராஃபைட்டாகப் பிரிய நேரமில்லாமல் கார்பைடாக உறைந்து, கண்ணாடி போலக் கடினமான, வளையவே தெரியாத ஒரு விளிம்பு உண்டாகிறது. தையல் ஆறிச் சுருங்கும்போது அந்த விளிம்புதான் இழுபட்டு உடைகிறது. பழைய தையலின் ஓரத்தில் டிரில் வைத்துப் பாருங்கள். பிட் கடிக்காமல் வழுக்கினால் அந்த விளிம்பு அங்கே இருக்கிறது என்று பொருள்.

பித்தளை ஒட்டு தண்ணீர்ப் பம்பின் உடலுக்கும் கியர்பாக்ஸ் உறைக்கும் நன்றாக உழைக்கும். எக்ஸாஸ்ட்டுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பாரம் ஏற்றி மேடு ஏறும் டீசல் எஞ்சினின் புகை 600 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும், அந்தச் சூட்டில் பித்தளையின் பிடிமானம் பெருமளவு தளர்ந்துவிடும். ஆண்டுக்கணக்கில் புகையில் வெந்த இரும்பின் மேல் அது சரியாகப் பரவி ஒட்டுவதும் இல்லை. தவிர, ஒருமுறை பித்தளை ஏறிய விரிசலைப் பிறகு முறையாக வெல்டிங் செய்ய நினைத்தால், மிச்சமிருக்கும் செம்பும் துத்தநாகமும் அதைக் கெடுத்துவிடும். எபாக்சி பசையைப் பற்றிப் பேசவே வேண்டாம். எக்ஸாஸ்ட் சிமென்ட் என்று விற்பது பட்டறை வரை வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும் உதவும்.

உங்கள் விரிசல் இரு குழாய்களுக்கு நடுவில் இருப்பதால் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. ஆனால் மேனிஃபோல்டைக் கழற்றி, துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவிப் பாருங்கள். உள்ளே ஊறிய எண்ணெய் கசிந்து விரிசலின் உண்மையான நீளத்தைக் கோடாகக் காட்டிவிடும். அந்தக் கோடு போல்ட் துளைக்குள் ஓடினாலோ, வலை போலப் பல கோடுகள் தெரிந்தாலோ, உட்சுவர் செதில் செதிலாக உதிர்ந்து மெலிந்திருந்தாலோ வெல்டிங்குக்குச் செலவழிக்காதீர்கள். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழையதாக ஒன்றைத் தேடுங்கள், அதையும் இதே சுண்ணப்பொடிச் சோதனைக்குப் பிறகே வாங்குங்கள்.

சரிசெய்வதென்றால், பழைய தையலை மட்டுமன்றி அதன் இருபுறமுள்ள கடின விளிம்பையும் சேர்த்து அரைத்து எடுத்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் மேலே எந்த ராடு ஓட்டினாலும் பயனில்லை. விரிசலின் இரு முனைகளுக்கும் சற்று அப்பால் மூன்று மில்லிமீட்டர் துளை போட்டால் அது மேலும் ஓடாது. பிறகு விரிசல் நெடுக ‘வி’ வடிவத்தில் பள்ளம் வெட்டி, கடைசிச் சீவலை அரத்தால் செய்யச் சொல்லுங்கள், ஏனெனில் கிரைண்டர் கல் கிராஃபைட்டை மேற்பரப்பில் பூசிவிடும். பள்ளத்தின் இருபுறமும் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளப்பான உலோகம் தெரிய வேண்டும்.

இதற்கு மிகச் சிறந்த முறை, மேனிஃபோல்டு முழுவதையும் கரி உலையில் 600 டிகிரி வரை, இருட்டில் மங்கிய சிவப்பு தெரியும் அளவுக்குச் சீராகச் சூடாக்கி, வார்ப்பிரும்பு ராடும், உருகும் உலோகத்தைச் சுத்தப்படுத்தும் ஃபிளக்ஸ் பொடியும் கொண்டு கேஸ் வெல்டிங் செய்வது; உலோகமும் தையலும் ஒன்றாகவே விரிந்து ஒன்றாகவே சுருங்கும். அதைப் பொறுமையோடு செய்யும் கைகள் இப்போது குறைவு. எனவே நடைமுறையில் நான் சொல்வது, ஏறத்தாழ 55 சதவீதம் நிக்கல் உள்ள நிக்கல்-இரும்பு ராடு. பாகம் முழுவதையும் 250 முதல் 300 டிகிரி வரை சூடாக்கி, குறைந்த ஆம்பியரில், ஒரு தடவைக்கு இரண்டு சென்டிமீட்டர் மட்டும் ஓட்டி, தையல் சூடாக இருக்கும்போதே உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொடுத்து, அடுத்த துண்டை வேறிடத்தில் தொடங்க வேண்டும். விரிசல் இருக்கும் இடத்தை மட்டும் டார்ச்சால் காட்டிச் சூடாக்குவது புதிய விரிசலுக்கு வழி செய்வது போலாகும். முடிந்தவுடன் உலர்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து இரவு முழுக்க ஆறவிடுங்கள்; காற்றாடி முன்னால் வைத்து அவசரப்படுத்தும் வெல்டரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். உங்களுடையது டர்போ இல்லாத எஞ்சினாக இருந்தால் நல்லது. டர்போ இருந்தால் உள்ளே ஒட்டிய கசடும் பொறித்துகளும் ஒன்று விடாமல் நீங்க வேண்டும், பிரிந்து வரும் ஒரு சிறு துணுக்கே டர்பைனின் இறக்கைகளைச் சிதைத்துவிடும்.

ஆறிய பின் ஹெட்டோடு சேரும் முகத்தின் மேல் நேர்விளிம்புக் கம்பியை வைத்து இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.2 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் நான் லேத் பட்டறைக்கு அனுப்பி முகத்தைச் சீவி எடுத்துவிடுவேன். வளைந்த முகத்தை நட்டுகளை இறுக்கி இழுத்து நேராக்கினால் தையலின் மேல்தான் அந்த இழுவிசை வந்து விழும்.

இனி, விரிசல் ஏன் வந்தது என்பது. அரை மீட்டர் நீளமுள்ள மேனிஃபோல்டு குளிர்ந்த நிலையிலிருந்து 600 டிகிரி ஏறும்போது ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் நீள்கிறது. சிலிண்டர் ஹெட்டோ தண்ணீரால் குளிர்ந்திருப்பதால் அவ்வளவு நீள்வதில்லை. இந்த வித்தியாசத்துக்காகவே பல எஞ்சின்களில் ஓரத்துத் துளைகளைச் சற்றுப் பெரிதாகவோ நீள்வட்டமாகவோ விட்டிருப்பார்கள். அவற்றில் துரு அடைத்துக்கொண்டாலோ, தடிமனான போல்ட்டைத் திணித்தாலோ, மேனிஃபோல்டு நகர இடமின்றி நடுவில் கிழிகிறது. உங்கள் விரிசல் இருக்கும் இடத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் இதுதான் சந்தேகம். சைலன்சர் குழாயைத் தாங்கும் பிராக்கெட் உடைந்து, அதன் எடை முழுவதும் மேனிஃபோல்டில் தொங்குகிறதா என்றும் பாருங்கள். தோட்ட வேலை முடிந்து வந்ததும் சூடான எஞ்சின் மேல் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவும் வழக்கம் இருந்தால் அன்றோடு நிறுத்துங்கள்.

பூட்டும்போது புதிய கேஸ்கட், புதிய ஸ்டட், புதிய நட் போட்டு, நடுவிலிருந்து இரு ஓரங்களையும் நோக்கி, சேவைக் கையேட்டில் உள்ள முறுக்கு அளவை இரண்டு மூன்று சுற்றுகளில் எட்டும்படி இறுக்குங்கள். முதல் வாரம் பாரம் ஏற்றாமல் ஓட்டுங்கள். பிறகு ஒரு காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, தையலின் மேல் வெள்ளைத் துணியைத் தேய்த்துப் பாருங்கள்; கரிக்கோடு ஒட்டினால் விரிசல் மறுபடி திறந்திருக்கிறது, அதற்குப் பிறகு மூன்றாவது முறையாக அதை வெல்டிங் செய்ய வேண்டாம்.