ஊடகங்களின் பாரபட்சம் ஒரு வேட்பாளரைப் பற்றிய மக்களின் கருத்தை உண்மையில் மாற்றுமா, அல்லது அது தோற்றவர்கள் சொல்லும் சாக்கா?

மாற்றும். எப்படி மாற்றும் என்பதை எங்கள் ஊரில் கண்ணெதிரே பார்த்தவன் நான். 'சாக்கா' என்று நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், 2016-க்குப் பிறகு வாக்காளர் பட்டியலில் சேர்ந்தவராக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். கைப்பேசியில் வந்து விழும் துணுக்குகளில் எதை நம்புவது என்ற குழப்பத்தில்கூடக் கேட்டிருக்கலாம். அதனால் தேமுதிகவைத் தொடங்கிய நடிகர் விஜயகாந்துக்கு, 2016 தேர்தலில் அவர் தோற்றதுவரை, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று. நான் தேமுதிககாரன் இல்லை. எந்தக் கட்சியின் உறுப்பினர் அட்டையும் என்னிடம் கிடையாது. 'எம்.எல்.ஏ.க்கள் அணி மாறினார்கள், கூட்டணியை அறிவிக்காமல் மார்ச் வரை இழுத்தடித்தார், தேர்தல் நெருக்கத்தில் கட்சியே உடைந்தது, இதெல்லாம் தெரியாமல் ஊடகத்தின் மேல் பழி போடுகிறாயா' என்று கேட்க ஆட்கள் வருவார்கள். எல்லாம் தெரியும். அவையும் காரணங்கள்தாம். அவற்றைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

2011 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அதிமுக கூட்டணியில் தேமுதிகவுக்கு 41 தொகுதிகள். பிரசாரத்தின்போது விஜயகாந்த் தன் தருமபுரி வேட்பாளரை அடிப்பது போன்ற ஒரு காட்சியை சன் தொலைக்காட்சி திரும்பத் திரும்பப் போட்டது. நடிகர் வடிவேலு திமுக மேடைகளில் ஏறி அவரைக் கிழித்தெடுத்த பேச்சுகளும் அப்படியே ஓடின. டீக்கடைகளில் மக்கள் அவற்றை ரசித்துப் பார்த்தார்கள். வாக்கு எண்ணியபோது தேமுதிகவுக்கு 29 இடங்கள் கிடைத்தன, திமுகவுக்கு 23. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். அந்தத் தருமபுரி வேட்பாளரும் வென்றார்.

ஊடகத்துக்குச் சக்தி இல்லை என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுவார்கள். ஆனால் அன்று அது பலிக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. எது யாருடைய சேனல் என்பது தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சன் தொலைக்காட்சியில் திமுகவின் எதிரியைத் திட்டினால் அதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் பார்ப்போம். ஜெயா தொலைக்காட்சிக்கும் அதே கணக்குதான். விஜயகாந்தே 2010-இல் தொடங்கிய கேப்டன் தொலைக்காட்சி அவரை முழுதாகக் காட்டியது. அதை அவருடைய தொண்டர்களைத் தவிர வேறு யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. வெளிப்படையான சார்பை நம் மக்கள் நன்றாகவே எடைபோடுவார்கள். சார்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியாதபோதுதான் ஏமாறுகிறார்கள்.

2012 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் விஜயகாந்துக்கும் ஆளும் அதிமுகவுக்கும் மோதல் வந்தது. முந்தைய நவம்பரில் பால் விலையும் பஸ் கட்டணமும் ஏறியிருந்தன. பேச்சு அதில்தான் ஆரம்பித்தது. அவை நடவடிக்கைகளுக்கு அப்போது நேரடி ஒளிபரப்பு கிடையாது. வெட்டிக் கொடுக்கப்பட்ட காட்சிகள்தான் வெளியே வந்தன. அவர் விரலை நீட்டியதையும் நாக்கைத் துருத்தியதையும் ஊரே பார்த்தது. அதற்கு முன் அவரைப் பார்த்து யார் என்ன சொன்னார்கள் என்பதை யாரும் பார்க்கவில்லை. பால் விலை அந்த விவாதத்திலிருந்தே காணாமல் போனது.

2015 டிசம்பர் கடைசியில் சென்னையில் ஒரு ரத்ததான முகாமில் பத்திரிகையாளர்களைப் பார்த்து 'தூ' என்றார். அது தவறுதான், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அதற்கு முன் நடந்ததையும் சேர்த்துக் காட்ட வேண்டாமா? 2016-இல் அதிமுக ஜெயிக்குமா என்று அவரிடம் கேட்டார்கள். ஜெயிக்காது என்றவர், இதே மாதிரி கேள்வியை ஜெயலலிதாவிடம் கேட்க உங்களுக்குத் துணிவு உண்டா, பயப்படுகிறீர்கள் என்றார். அதன் பிறகுதான் அந்த 'தூ'. முதல்வர் பத்திரிகையாளர்களைச் சந்திப்பதே அரிதாக இருந்த காலம் அது. அவர் எழுப்பியது நியாயமான கேள்வி. மறுநாள் முதல் வலம் வந்த துணுக்குகளில் கேள்வி இல்லை, துப்பல் மட்டுமே இருந்தது. நடுநிலை என்று பெயர் வாங்கிய சேனல்களும் அதைத்தான் செய்தன.

இனி என் கண்ணால் பார்த்தது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் கைப்பேசி பழுதுபார்த்து ரீசார்ஜ் செய்யும் சிறிய கடை வைத்திருக்கிறேன். 2016-இல் விஜயகாந்த் எங்கள் தொகுதியில்தான் நின்றார், முதல்வர் வேட்பாளராகவே நின்றார். ஜியோ வருவதற்கு முந்தைய மாதங்கள் அவை. டேட்டா விலை அதிகம் என்பதால் மெமரி கார்டில் பாட்டும் வீடியோவும் ஏற்றித் தரச் சொல்லி நிறையப் பேர் வருவார்கள். அந்தக் கோடையில் பாட்டுக்கு அடுத்தபடியாக அவர்கள் கேட்டது 'கேப்டன் காமெடி'. வயலிலிருந்து நேராக வந்தவர்கள் கேட்டார்கள், கல்லூரிப் பிள்ளைகள் கேட்டார்கள், அவருடைய கட்சிக் கொடியை வண்டியில் கட்டியிருந்த ஒருவரும் கேட்டார். உடல்நலம் குன்றி அவருடைய பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. அந்தக் குழறலை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் வடிவேலு வசனம் சேர்த்து, போதை என்று தலைப்பிட்டுச் சுற்றவிட்டார்கள்.

விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்தில் என் பெரியம்மா இருக்கிறார். 2006-இல் விஜயகாந்த் அங்கே நின்று வென்றபோது அவருக்கு வாக்களித்தவர். ரேஷன் பொருட்களை வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம் என்று அந்தக் கட்சி சொன்ன வாக்குறுதிக்காகவே போட்டதாக என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். முழங்கால் வலியோடு ரேஷன் கடை வரிசையில் நிற்பவருக்கு அது சாதாரண விஷயம் இல்லை. 2016 தேர்தலுக்கு முன் அவரைப் பார்க்கப் போயிருந்தேன்.

"அவருக்குப் பேசவே வரவில்லையே தம்பி, எப்படி நாட்டை ஆள்வார்?" என்றார்.

"எந்தச் சேனலில் பார்த்தீர்கள் பெரியம்மா?"

"சேனலா? உன் தம்பி போனில் காட்டினான். எல்லாரும்தான் பார்க்கிறார்களே."

சன்னா ஜெயாவா என்று தெரிந்திருந்தால் பெரியம்மா தன் கழித்தல் கணக்கைப் போட்டிருப்பார். தன் மகன் காட்டியதில் எதைக் கழிப்பார்? வீட்டுக்கு வரும் ரேஷனைப் பற்றி நினைவூட்டினேன். "ஆமாம், சொன்னார்" என்றார். அதற்கு மேல் பேச்சு போகவில்லை. பத்து வருடங்களாக அவர் மனத்தில் இருந்த ஒரு நல்ல திட்டத்தைச் சில வினாடி வீடியோ ஓரம் கட்டிவிட்டது. அந்தத் திட்டத்தை நடைமுறைக்கு உதவாதது என்று இன்றைக்கும் யாராவது சொன்னால், 2025 ஆகஸ்டில் தமிழக அரசே முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடி ரேஷன் பொருள் கொடுக்கத் தொடங்கியதைப் பாருங்கள்.

இந்த இடத்தில் என் ஆதங்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குத் தொடர்பில்லை என்று யாரும் கோபிக்க வேண்டாம். எங்கள் பகுதி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மழைக்கு நூற்றுக்கணக்கான மூட்டைகள் நனைந்து முளைத்துவிட்டன. மூட்டைக்கு இவ்வளவு என்று கைநீட்டுவதும் அங்கே வழக்கம். ஒரு சேனலின் நிருபர் வந்து, முளைத்த நெல்லைக் கையில் அள்ளிக்காட்டச் சொல்லி எங்களைப் படம் பிடித்துக்கொண்டு போனார். செய்தி வரவே இல்லை. அன்று மாலை அதே சேனலில் ஒரு தலைவர் மேடையில் தடுமாறியதை வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நிருபரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குச் சம்பளமே செய்திக்கு இவ்வளவு என்றுதான் தருகிறார்கள். ஆனால் விவசாயியின் ஒரு போக விளைச்சலுக்கு அரை நிமிடம் ஒதுக்க முடியாதவர்கள் ஒருவரின் நாக்குக் குழறலுக்கு மணிக்கணக்கில் ஒதுக்குகிறார்கள் என்றால் எரிச்சல் வராதா?

2016-இல் தேமுதிக ஓரிடத்திலும் வெல்லவில்லை. 2006-இல் தனித்து நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாங்கிய கட்சி 2.4 சதவீதத்துக்கு இறங்கியது. உளுந்தூர்பேட்டையில் அவர் மூன்றாம் இடத்துக்குப் போய் வைப்புத்தொகையையும் இழந்தார்.

2023 டிசம்பர் 28 அன்று அவர் இறந்தார். சேனல்கள் நாள் முழுக்க அவரைக் காட்டின. அலுவலகத்துக்கு யார் வந்தாலும் சாப்பாடு போட்டது, நடிகர் சங்கத் தலைவராக இருந்து சங்கத்தின் கடனை அடைத்தது, எல்லாவற்றையும் சொன்னார்கள். என் கடையில் நின்று பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். எனக்குத் துக்கத்தோடு கோபமும் வந்தது. அவை எல்லாமே 2016-க்கு முன் நடந்தவை. அவர்கள் கையிலிருந்த பழைய காட்சிகள்தாம். அப்போதே அவற்றையும் காட்டியிருந்தால் அவர் வென்றிருப்பார் என்று சொல்ல வரவில்லை. வைப்புத்தொகையாவது மிஞ்சியிருக்கும் என்றுகூட என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பெரியம்மா அப்போதும் அவரை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ரேஷன் வாக்குறுதியையும் பால் விலைக்காக அவர் போட்ட சண்டையையும் உடல்நிலையையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருப்பார்.