அந்தப் பென்சில் எழுத்து உங்களுக்கு என்ன இடைஞ்சல் பண்ணுச்சு?

கேள்வி: எனக்கு 44 வயசு. நாலு மாசமா ஃபேன்டசி, ஹாரர் நாவலா படிச்சுத் தள்றேன். மனசுல பட்டத அப்படியே சொல்றேன். ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ல பேரு ஞாபகம் வைக்கவே நேரம் போச்சு, முன்னாடி இருக்கற மேப்ப ஒரு தடவைகூட பாக்கல, பாட்டு வர்ற எடத்தையெல்லாம் தாண்டிட்டேன். ஸ்டீபன் கிங்கோட ‘பெட் செமட்டரி’ பயங்கரம்னாங்க, படிச்சுட்டு நிம்மதியா தூங்கினேன். ‘டிராகுலா’ ஆரம்பம் சூப்பர், அப்புறம் ஆளாளுக்கு டைரி எழுதறதும் படிக்கறதுமா ஒரே போர். அது என் 16 வயசுப் பையன் படிச்சு முடிச்சுட்டு ‘நீ படிம்மா’ன்னு கொடுத்த புத்தகம். ஓரமெல்லாம் பென்சில்ல ஏதோ எழுதி வச்சிருந்தான், இடைஞ்சலா இருந்துச்சு, ரப்பர் போட்டு அழிச்சுட்டுதான் படிச்சேன். எந்தக் கதையும் உள்ள எறங்க மாட்டேங்குது. எனக்கு ரசனை போயிடுச்சா? வீட்ல புத்தகம் பத்திப் பேச ஒரு ஆள் இல்ல. நிஜமாவே பயமுறுத்தற மாதிரி ஒண்ணு சொல்லுங்க.

பதில்: ரசனைக்கெல்லாம் ஒண்ணும் ஆகலம்மா. பேரு கொழம்புது, போர் அடிக்குது, பயம் வரலன்னு எனக்கு எத்தனையோ பேர் எழுதிட்டாங்க, பிடிக்கலன்னா மூடி வச்சுட்டு வேற எடுங்க, அவ்ளோதான். நான் உங்க லெட்டர்ல வேற எடத்துல மாட்டிக்கிட்டேன். போற போக்குல ஒரு வரி சொல்லிட்டுப் போறீங்களே, ரப்பர் போட்டு அழிச்சேன்னு, அதத் தாண்டி என்னால போக முடியல.

எத்தனை பக்கம்மா அழிச்சீங்க? ஓரமெல்லாம்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க, டிராகுலா ஒண்ணும் சின்ன புத்தகம் இல்ல, அப்ப பொறுமையா ஒக்காந்து பக்கம் பக்கமா தேய்ச்சு, துகளை ஊதி விட்டு, அடுத்த பக்கம் திருப்பி திரும்பத் தேய்ச்சிருக்கீங்க, அத்தனை நேரமும் அந்த எழுத்து உங்க மூக்குக்கு நேராதான இருந்துச்சு. இவ்ளோ பண்ணிட்டு எங்கிட்ட ‘ஏதோ’ எழுதி வச்சிருந்தான்ங்கறீங்க. ஏதோ! அழிக்கறதுக்குப் பொறுமை இருந்திருக்கு, ஒரு வரி படிக்கறதுக்கு இல்ல. இதுல வீட்ல பேச ஆள் இல்லன்னு வேற பொலம்பல்.

16 வயசுப் பையன் எதிர்ல வந்து ஒக்காந்து ‘அம்மா, என் மனசுல இது ஓடுது’ன்னு சொல்ல மாட்டான். சுத்தி வளைச்சுதான் வருவான். தான் எழுதினது அதுல இருக்குன்னு தெரிஞ்சேதான் அந்தப் புத்தகத்த உங்ககிட்ட நீட்டியிருக்கான், மறந்து கொடுத்துட்டான்னு மட்டும் சமாளிக்காதீங்க.

போர்னு சொன்னீங்களே டைரி, அத இப்ப கொஞ்சம் பாக்கலாம். 1897ல வந்த அந்த நாவல் முழுக்க டைரி, லெட்டர், தந்தி, பேப்பர் கட்டிங்தான். ரத்தம் குடிக்கற டிராகுலாவோட கோட்டையில மாட்டிட்டு மனசு ஒடைஞ்சு வந்த ஜோனதன், கல்யாணத்தன்னிக்கு தன் டைரி நோட்ட மணப்பொண்ணு மீனா கையில கொடுக்கறான். அவ அத காகிதத்துல சுத்தி, தன் கழுத்துல கட்டியிருந்த நீல ரிப்பனால கட்டி, அரக்கு ஊத்தி, கல்யாண மோதிரத்தையே முத்திரையா அழுத்தி வைக்கறா, அவனோட நன்மைக்குன்னோ கடமைன்னோ வந்தா ஒழிய பிரிக்க மாட்டேன்னு. அப்புறம் அவன் தெருவுல அந்த டிராகுலாவப் பாத்து நடுங்கிப்போனதும் பிரிச்சுப் படிக்கறா. அங்கதாம்மா கதையே திரும்புது. மத்தவங்க எழுதினதையும் வாங்கி, கூட்டாளி டாக்டர் ஒருத்தர் மெஷின்ல பேசிப் பதிஞ்சு வச்சத காதால கேட்டு, எல்லாத்தையும் டைப் அடிச்சு வரிசைப்படுத்தறா, எல்லாரும் அதப் படிச்சுட்டுதான் வேட்டைக்கே கெளம்பறாங்க. ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் படிக்கலன்னா அந்தக் கும்பலால அவன் நெழலக்கூட தொட்டிருக்க முடியாது. (அவனுக்கு நெழலே கெடையாது, சும்மா சொன்னேன்.) நடுவுல அந்தக் காகிதத்தையெல்லாம் ஒருத்தன் நெருப்புல போடறான், ஞாபகம் இருக்கா? டிராகுலாதான். நல்லவேளையா இரும்புப் பெட்டியில இன்னொரு காப்பி இருந்துச்சு. உங்க பையன் எழுதினதுக்கு எங்க இருக்கு இன்னொரு காப்பி?

பிள்ளைங்க டைரிய திருட்டுத்தனமா படிங்கன்னு நான் சொல்லவே மாட்டேன், அது வேற பாவம். ஆனா அவனா கையில கொடுத்தத படிக்கறது பெத்தவங்களோட வேலை. நேரம் கெடைச்சா பண்ற வேலை இல்ல, சோறு போடறது மாதிரி. இதுல என்கிட்ட தளர்வு எதிர்பாக்காதீங்க.

‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதின டோல்கீனோட முந்தின நாவல் ‘த ஹாபிட்’ கையெழுத்துப் பிரதி 1936ல பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின்கிட்ட வந்தப்ப அவர் அத தன் பத்து வயசுப் பையன் ரேனர் கையிலதான் கொடுத்தாரு. படிச்சு ஒரு சின்ன குறிப்பு எழுதித் தந்தான், கூலி ஒரு ஷில்லிங். அத நம்பி அடுத்த வருஷம் புத்தகம் போட்டாரு. பின்னாடி நீங்க பேரு கொழம்புதுன்னீங்களே அந்தப் பெரிய புத்தகம், அது 1954ல வெளிய வர மெனக்கெட்டதும் வளர்ந்து ஆளான அதே ரேனர்தான். நீங்க திரும்பிக்கூட பாக்காத மேப்ப நாவலுக்காக வரைஞ்சது டோல்கீனோட மகன் கிறிஸ்டோபர், போர் நேரத்துல விமானப்படைக்காக தென்னாப்பிரிக்காவுல இருந்தவனுக்கு 1944ல அப்பா அத்தியாயம் அத்தியாயமா அனுப்பிட்டே இருந்தாரு. உங்க வீட்ல பையன் அனுப்பினான், நீங்க ஊதித் தள்ளிட்டீங்க.

பயம் வரலன்னு சொன்னீங்க. லாரி ஓடற ரோட்டோரம் குடியிருந்தப்ப மகளோட பூனை அடிபட்டு செத்ததும், சின்னப் பையன் அந்த ரோட்டப் பாத்து ஓடினதும்தான் கிங்குக்கு அந்தக் கதையோட விதை. எழுதி முடிச்சுட்டு ரொம்ப தூரம் போயிட்டோமேன்னு அவரே எடுத்து ஓரமா வச்சிட்டாரு, 1983லதான் வெளிய வந்துச்சு. பிள்ளை கைய விட்டுப் போறதுதான் அதுல பயம், பேய் ரெண்டாவது. அதப் படிச்சுட்டு நிம்மதியா தூங்கினேன்ங்கறீங்க. சரி.

புது புத்தகம் எதுவும் நான் சொல்றதா இல்ல. இன்னிக்கு ராத்திரி ரூம் லைட்ட அணைச்சுட்டு அந்த டிராகுலாவ எடுங்க, டார்ச்ச பக்கத்துக்கு மேல இருந்து அடிக்காம ஓரத்துல படுக்க வச்ச மாதிரி சாய்ச்சு அடிங்க. அழுத்தி எழுதியிருந்தான்னா பள்ளம் தெரியும், முழுசா வராது, அங்கொண்ணும் இங்கொண்ணுமா வார்த்தை கெடைக்கும். கெடைச்சாலும் கெடைக்கலன்னாலும் காலையில அவன்கிட்ட போய் நான் அழிச்சுட்டேன்னு நீங்களே சொல்லுங்க. கண்ணு வலிச்சுதுன்னு காரணம் சொல்லாதீங்க. என்ன எழுதியிருந்தேன்னு கேளுங்க, சொல்லலன்னா நச்சரிக்காம, நீங்க படிச்ச ஒரு புத்தகத்துல ஓரத்துல உங்க கையால பென்சில்ல எழுதி அவன் மேஜையில வச்சிட்டு வந்துடுங்க.

ஒண்ணு மட்டும் உங்க லெட்டர்ல இல்ல, அந்தப் புத்தகத்த அவன்கிட்ட திருப்பிக் கொடுத்தீங்களா? கொடுத்திருந்தா, வாங்கின ஒடனே அவன் மொதல்ல ஓரத்ததான் பொரட்டிப் பாத்திருப்பான்.