லாகின் ஃபார்ம் டேட்டா அனுப்பவில்லையா? கேள்வி பதில்

கேள்வி: சார், சர்வரில் ஓடும் பிஎச்பி ஸ்கிரிப்டில் யூசர்நேம் வருது, பாஸ்வேர்ட் மட்டும் வரவே இல்லை. ஐடி எல்லாம் சரியாத்தான் கொடுத்திருக்கேன்.

பதில்: ஐடி என்பது லேபிளுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும். சர்வருக்குப் போவது இன்புட் டேக்கில் எழுதும் நேம் (name) என்ற பெயர்தான். நேம் இல்லாத இன்புட்டை பிரவுசர் சத்தமில்லாமல் விட்டுவிடும், எரர் காட்டாது. டிசேபிள் செய்த ஃபீல்டும் அப்படியே. ரீட்ஒன்லி என்றால் போகும்.

எல்லோருக்கும் சொல்கிறேன்: புரோகிராம் கோடைத் தொடும் முன் எஃப்12 அழுத்துங்கள். நெட்வொர்க் டேபில் 'பிரிசர்வ் லாக்' டிக் செய்து, சப்மிட் கொடுத்து, பிரவுசர் அனுப்பிய டேட்டாவான பேலோடைப் பாருங்கள். அங்கே இல்லாதது சர்வரில் இருக்காது.

கேள்வி: பேலோடில் ரெண்டுமே இருக்கு. லோக்கலில் ஓடுது, ஹோஸ்டிங்கில் போட்டா, ஃபார்ம் டேட்டா வந்து சேரும் பிஎச்பியின் போஸ்ட் அரே காலி.

பதில்: நெட்வொர்க் டேபில் ஒரு சப்மிட்டுக்கு இரண்டு வரி தெரிகிறதா? முதலில் 301 அல்லது 302 (வேறு முகவரிக்குத் திருப்பும் ரீடைரக்ட்), அடுத்து 200 (சரி)? அப்படியானால் ரீடைரக்ட்தான் காரணம். ஃபார்ம் போகும் முகவரியைச் சொல்லும் ஆக்‌ஷனில் எச்டிடிபி என்று எழுதியிருப்பீர்கள், சர்வர் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பியிருக்கும். ஃபோல்டர் பெயருக்குப் பின் சாய்கோடு விட்டுப்போனாலும் இதே கதை. 301, 302 வந்ததும் பிரவுசர் போஸ்ட்டை (டேட்டா அனுப்பும் முறை) கெட் (பக்கம் கேட்கும் முறை) ஆக்கி, டேட்டாவைக் கழற்றிவிட்டுப் போகும். சர்வரில் ரீடைரக்டை 307, 308 என்று போட்டால் டேட்டா தங்கும். ஆனால் எச்டிடிபியில் பாஸ்வேர்ட் ஒருமுறை திறந்தபடி போய்விட்டதே! ஆக்‌ஷனில் கடைசி முகவரியையே எழுதுங்கள்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் வைத்து டேட்டாவை ஜேசன் வடிவத்தில் அனுப்புறேன், போஸ்ட் அரே காலி.

பதில்: யூஆர்எல் என்கோடட், மல்டிபார்ட் என்ற இரண்டு ஃபார்ம் வடிவங்களுக்கு மட்டும்தான் பிஎச்பி அந்த அரேயை நிரப்பும். ஜேசனை இன்புட் ஸ்ட்ரீமிலிருந்து நீங்களே படித்து டீகோட் செய்ய வேண்டும்.

கேள்வி: எனக்கும் பாஸ்வேர்ட் வரலை, ஐடி இருக்கு.

பதில்: நேம். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பிரவுசரிலேயே பாஸ்வேர்டை எம்டி5 ஹாஷ் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிடும் குறியீடு) ஆக்கி ஹிட்டன் ஃபீல்டில் அனுப்புறேன். யார் எதை டைப் செய்தாலும் ஒரே ஹாஷ் வருது.

பதில்: பக்கம் லோட் ஆகும்போதே ஃபீல்டைப் படிக்கிறீர்கள். வருவது காலி ஸ்ட்ரிங்கின் ஹாஷ். சப்மிட் ஈவென்டுக்குள் படித்தால் சரியாகும். ஆனால் அந்த ஸ்கிரிப்டையே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஏன் எடுக்கணும்? நடுவில் யார் பிடித்தாலும் பாஸ்வேர்ட் தெரியாதே.

பதில்: சர்வர் எதை ஏற்கிறதோ அதுதான் பாஸ்வேர்ட். ஹாஷைப் பிடித்தவர் ஹாஷையே அனுப்பி உள்ளே வருவார். அதை அப்படியே டேட்டாபேஸில் வைத்திருந்தால், டேபிள் கசிந்த அன்றே எல்லாக் கணக்கும் போச்சு.

கேள்வி: ஹாஷ் செய்யும் முன் பாஸ்வேர்டோடு சால்ட் என்ற கூடுதல் எழுத்துகளைச் சேர்த்தால்?

பதில்: அந்த சால்ட் உங்கள் ஜாவாஸ்கிரிப்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். எச்டிடிபிஎஸ் இல்லாத இடத்தில் நடுவில் இருப்பவர் ஸ்கிரிப்டையே மாற்றிவிடுவார். எச்டிடிபிஎஸ்ஸில் அனுப்பி, சர்வரில் பிஎச்பியின் பாஸ்வேர்ட் ஹாஷ் (password_hash) ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். ஹாஷை வைக்கும் டேட்டாபேஸ் காலம் (column) 255 எழுத்து இருக்கட்டும். அந்த ஃபங்ஷன் தரும் பிகிரிப்ட் வகை ஹாஷ் 60 எழுத்து; 50 எழுத்துக் காலத்தில் அது அறுபட்டால் சரியான பாஸ்வேர்டும் தோற்கும்.

கேள்வி: லாராவல் என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கில் சப்மிட் செய்தால் 419 எரர் வருது.

பதில்: சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (ஃபார்ம் உங்கள் தளத்திலிருந்தே வந்தது என்று காட்டும் ரகசியக் குறி) ஃபார்முக்குள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் செஷன் குக்கியைப் பாருங்கள்.

கேள்வி: ஸ்கிரிப்டில் ஃபார்ம் சப்மிட்டை அழைத்தால் 'ஃபங்ஷன் இல்லை' என்கிறது.

பதில்: பட்டனுக்கு 'சப்மிட்' என்றே நேம் வைத்திருப்பீர்கள்; அது ஃபங்ஷனை மறைக்கிறது. பெயரை மாற்றுங்கள். அப்படியே ரிக்வெஸ்ட்சப்மிட்டுக்கும் மாறிவிடுங்கள். வெறும் சப்மிட் ஃபங்ஷன் வேலிடேஷனையும் சப்மிட் ஈவென்டையும் தாண்டிப் போய்விடும்.